ஆகாயத்தாமரை கரைக்கு வந்த வருஷம்

உங்களில் எத்தனை பேருக்கு மூக்கு இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது? கண்ணுக்கு லென்ஸ் வைத்தாயிற்று, காதுக்கு மெஷின் மாட்டியாயிற்று. முழங்கால் கதையை ஆரம்பித்தால் பார்க் பெஞ்சை விட்டு யாரும் எழுந்திருக்க மாட்டோம். மூக்கைப் பற்றி மட்டும் நம் வயசுக்காரர்கள் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. எனக்கு அது இன்னும் நன்றாகவே இருக்கிறது. அசோக் நகரில் நாலாவது மாடியில் மகன் வீட்டில் உட்கார்ந்தபடியே, கீழே எந்த வீட்டில் எந்த மீன் வறுபடுகிறது என்று சொல்லிவிடுவேன். மருமகளுக்கு அதில் கொஞ்சம் வெட்கம். "மெதுவா சொல்லுங்க அத்தை, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்பாள்.

நான் பிறந்தது கடலோரக் குப்பத்தில். நீங்கள் எல்லாம் சாயந்திரம் போய்ச் சுட்ட சோளம் கடித்துக்கொண்டு காற்று வாங்கும் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொஞ்சம் வடக்கே, அடையாறு கடலில் விழும் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. அங்கே எனக்கு ஒன்பது வயதில் நடந்த ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் பயம். பிறகு வெட்கம். அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது.

போன மாதம் மருமகள் டி.வி.யில் ஏதோ பனி தேசத்து நிகழ்ச்சி ஒன்றை வைத்தாள். வடதுருவத்தை ஒட்டிய கடற்கரையாம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். என் வயசு இருக்கும் ஒரு பெண், தோல் சட்டை போட்டுக்கொண்டு, கையில் நீளக் கம்போடு உறைந்த கடல்மேல் நிற்கிறாள். ஒவ்வொரு அடி வைக்கும் முன்னும் கம்பால் பனியைக் குத்திப் பார்க்கிறாள். முன்பெல்லாம் இந்த மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம், இப்போது எப்போது இறுகுகிறது எப்போது உடைகிறது என்று தெரியவில்லை என்றாள். அவள் வீட்டு ஆண்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சரி என்றால் போவார்கள், இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்புவார்கள். மருமகள் சேனலை மாற்றப் போனாள். "இரும்மா" என்றேன். அப்படி நிற்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். எங்கள் கரையில் அப்படி நின்றவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவிடம் ஒரு கட்டுமரம் இருந்தது. விடியுமுன் கடலுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். மரத்தைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நடுவில் இருக்கும் கட்டையின்மேல் குப்புறப் படுத்து நான் எத்தனையோ மத்தியானம் தூங்கியிருக்கிறேன். அந்தக் கட்டைக்கு ஒரு வாசனை உண்டு. உப்பும் மீன் எண்ணெயும் சூடான மரமும் கலந்தது. இப்போது எல்லாம் ஃபைபர் படகு. அதில் யாராவது படுத்துத் தூங்கினால் முதுகு தோல் உரிந்துவிடும்.

அத்தையின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பிள்ளையும் இல்லாததால் அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். குப்பத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தாலி இழந்த பெண்கள் விடியற்காலையில் கரைக்கு வரக்கூடாது. மரம் கடலில் இறங்கும்போது அவர்கள் முகத்தில் விழிக்கக்கூடாது. யாரும் சட்டமாகச் சொல்வதில்லை. அந்த நேரத்துக்கு அவர்களே உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அத்தைக்கு மட்டும் அந்த வழக்கத்திலிருந்து விலக்கு. காரணம் அவள் நீரோட்டம் பார்ப்பாள்.

கடலைப் பார்த்தே வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கரையோரம் கடல் தண்ணீர் சும்மா நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். வருஷத்தில் பாதி நாள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். அதற்கு எங்கள் பேச்சில் தெண்டி. மழைக்காலம் வந்து வாடைக்காற்று வீச ஆரம்பித்தால் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிவிடும். அது வன்னி. தெண்டியில் கானாங்கெளுத்தி வரும், வன்னியில் வெள்ளை இறால் வரும். இரண்டுக்கும் வலை வேறு.

எல்லாம் நூல் வலை அப்போது. சாயம் ஏற்றாவிட்டால் இற்றுவிடும். சாயத்துக்கு மரப்பட்டையைக் காய்ச்சுகிற பெரிய செம்புக் கொப்பரை குப்பத்துக்கே ஒன்றுதான். அதனால் வன்னி வந்துவிட்டது என்று தெரிந்த அன்று எல்லா வீட்டு இறால் வலைகளும் ஒன்றாகக் கொப்பரைக்கு வரும், பழைய வலைகள் சுருட்டிப் பரணுக்குப் போகும். சாயம் போட்டுக் காய மூன்று நாள். அந்த மூன்று நாளும் ஒரு மரமும் கடலில் இறங்காது. அது ஊர்க்கட்டு. எங்களுக்கெல்லாம் அது திருவிழா. சாயத் தண்ணீர் தெறித்துப் பாவாடையெல்லாம் காவி நிறமாகிவிடும். அந்தப் பட்டை வாசனையை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நீரோட்டம் திரும்பியதை முதலில் சொல்வது அத்தை. ஆண்கள் நடுக்கடலில் கண்டுபிடிப்பதற்கு ஒருநாள், இரண்டு நாள் முன்பே அவள் கரையில் நின்று சொல்லிவிடுவாள். மந்திரம் ஒன்றுமில்லை. மழை பெய்து ஆறு பெருகினால் மேலே குட்டைகளில் மிதந்து மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரைச் செடி எல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வரும். தெண்டி ஓடும்போது அது வடக்கே பட்டினப்பாக்கம் பக்கம் போய்விடும். எங்கள் கரையில் ஒரு இலை ஒதுங்காது. வன்னி திரும்பினால் தெற்கே வந்து எங்கள் கரையில் விழும். அத்தை அதை எடுத்து முகர்ந்து பார்ப்பாள், நுரையைப் பார்ப்பாள், காலை அலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "வந்துட்ச்சி" என்பாள். நாலு வருஷம் அவள் சொன்னது தப்பவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி அவ்வளவு ஆண்களுக்கு முன்னால் கரையில் நிற்க, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு அவர்கள் காத்திருப்பதை நான் பெருமையோடு பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க எங்கள் அம்மாவின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஐந்தாவது வருஷம் கடல் தாமதம் செய்தது.

தீபாவளி போயிற்று. வாடை வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது, ஆனால் ஓட்டம் வடக்கேயே இருந்தது. ஐப்பசியில் சித்திரை மாதிரி புழுக்கம். அத்தை நாள் குறித்துச் சொல்கிற பழக்கமில்லாதவள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் அவள் வாயைக் கிண்டிக் கிண்டி, "இன்னா, இந்த வருசம் கடலு உன்னாண்ட சொல்லாமயே போய்டுமா" என்று கேட்டதில், ரோஷத்தில் சொல்லிவிட்டாள். "அமாவாசை போயி ஆறு நாளுக்குள்ள வந்துடும், பாருங்க."

ஆறு நாளும் போயிற்று. அலையில் காலை வைத்தால் தண்ணீர் வடக்கே இழுத்தது. எட்டாம் நாள் சாயந்திரம் குடிசைக்குப் பின்னால் நைனாவும் அம்மாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஊர்ல பேசிக்கிறாங்க. தாலியறுத்தவள கரைல நிக்க வெச்சதாலதான் கடலு மொறச்சிக்கினு கீதாம்" என்றாள் அம்மா.

"எவன் சொன்னது?"

"எவன் சொன்னா இன்னா. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு, காத்தால கரைக்கு வர வேணாம்னு அவ கைல சொல்ல சொல்லிட்டாங்க. நீயே சொல்லிடு. வேற எவனாச்சும் வந்து சொன்னா நல்லாயிருக்காது."

நைனா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அன்றைக்குக் கிடைத்த யோசனையை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வன்னி வந்தால் ஆகாயத்தாமரை வரும். அப்படியானால் ஆகாயத்தாமரை வந்துவிட்டால் வன்னி வந்த மாதிரிதானே? அத்தையைக் கரையை விட்டு யாரும் விரட்ட மாட்டார்கள். எனக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம். ஆண்கள் கடலிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் விற்கப் போய்விட்டார்கள், அத்தையும் அவர்களோடு. நைனாவின் பறியை எடுத்துக்கொண்டேன். பறி என்றால் பனையோலையில் முடைந்த மீன் பை, மரத்தில் கட்டி எடுத்துப் போவார்கள். முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆறு வளைகிற இடத்தில், புதரில் ஆகாயத்தாமரை சிக்கிக் கிடந்தது. முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பிடுங்கினேன். பறியில் அடைத்து, தலையில் வைத்து, மணலில் கால் கொப்புளிக்க ஓடிவந்து அலை விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டேன். மூன்று நடை. மூன்றாவது நடையில் பறியின் ஓரம் கிழிந்துவிட்டது. பயந்து போய் அதை மணலில் புதைத்துவிட்டேன். நைனா அந்தப் பறியை ஒரு வாரம் தேடினார். அது இன்னும் அங்கே எங்கேயாவது மண்ணுக்குள் இருக்கக்கூடும்.

சாயந்திரம் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மாமாதான். அவர் போட்ட சத்தத்தில் ஊரே கரைக்கு வந்துவிட்டது. எல்லாரும் ஆகாயத்தாமரையைச் சுற்றி நின்றார்களே தவிர ஒருவரும் குனிந்து தொடவில்லை. அது அத்தையின் வேலை. சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அத்தையை நைனா கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். தங்கையைக் கரையிலிருந்து விலக்க வேண்டிய வேலை தப்பியதே என்கிற நிம்மதி.

அத்தை வெறும் கூடையை இறக்கி வைத்தாள். குனிந்து ஒன்றை எடுத்தாள். வேரை முகர்ந்தாள். கடலைப் பார்த்தாள். நான் நைனாவுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னை ஒரு முறை பார்த்தாள். மறுபடி கடலைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வந்துட்ச்சா?" என்றார் நைனா.

அவள் வேரை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு மாமா, "இன்னாத்த மோந்துக்கினே கீற, சொல்லேன்" என்றார்.

"வந்துட்ச்சிண்ணே" என்றாள்.

ஒரே ஆரவாரம். எல்லாரும் கொப்பரைக்கு அடுப்பு மூட்ட ஓடினார்கள். அத்தை என்னைக் கடந்து போகும்போது, "ஈரத்தோட நிக்காத. வூட்டுக்குப் போயி பாவாடய மாத்திக்கோ" என்றாள்.

நான் குதித்துக்கொண்டு ஓடினேன். ஊரை ஏமாற்றிவிட்டேன், அத்தையையும் ஏமாற்றிவிட்டேன், எல்லாம் அவள் நல்லதுக்கு. அன்றைக்கு மாதிரி நிம்மதியாக நான் அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

சாயம் போட்ட இரண்டாம் நாள் காலையில் தெற்கே அடுத்த குப்பத்தில் கானாங்கெளுத்தி கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி வந்துவிட்டது. அவர்கள் மரம் மரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் கரையிலிருந்தே அது தெரிந்தது, தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளியது. எங்கள் ஆண்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பழைய வலை பரணில், புது வலை ஈரமாக மணலில், கட்டுமரமெல்லாம் கட்டவிழ்ந்து கிடந்தது. ஊர்க்கட்டை மீற ஒருவருக்கும் துணிவில்லை. அந்த வருஷத்தின் கடைசிக் கானாங்கெளுத்தி அதுதான். அதற்குப் பிறகு இறாலும் வரவில்லை, ஏனென்றால் வன்னியே இன்னும் வரவில்லை. பத்து நாளுக்கு மேல் எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடும் கஞ்சியும்தான். என் தம்பி, அப்போது மூன்று வயது, கருவாட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வான்.

நைனா அத்தையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல், "இனிமே காத்தால நீ கரைக்கு வராதம்மா" என்றார்.

"செரிண்ணே" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் மரங்கள் இறங்கும் சத்தம் கேட்டபோது அவள் உள்ளே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் படுத்தபடி முறத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் நைனாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிற்றாலே அடி விழும். அடிக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை, வேறு நியாயமெல்லாம் நான் பிற்பாடு கற்பித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அத்தை சந்தைக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் மட்டம். முகத்துவாரத்தின் குறுக்கே இன்றைக்கு இடிந்து நிற்கிறதே ஒரு பாலம், நம் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளப் போவார்களே, அது அப்போது முழுசாக இருந்தது. அதன்மேல் நடந்தால் பட்டினப்பாக்கம், அங்கிருந்து மயிலாப்பூர். மாட வீதிப் பக்கம் எங்களுக்கு வேலையில்லை, கூடையோடு போனால் முகத்தைச் சுளிப்பார்கள். அதைத் தாண்டிச் சின்னச் சின்னச் சந்துகளில் அத்தைக்கு வாடிக்கை வீடுகள். ஒரு வீட்டு அம்மா எனக்கு எப்போதும் ஒரு அச்சுவெல்லம் கொடுப்பாள். திரும்பும்போது தெப்பக்குளத்துப் படியில் கால் கழுவிக்கொண்டு, பூக்கடைகளைத் தாண்டி வருவோம். தலையில் மீன் கூடை, மூக்கில் மல்லிகைப்பூ. அந்தக் கலவை வாசனையை நான் இன்னொரு இடத்தில் கண்டதில்லை.

பாலத்தின் நடுவில் அத்தை கூடையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நிற்பாள். கிழக்கே ஆறு கடலில் கலப்பது தெரியும். ஆற்று நுரை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்ப்பாள். "இன்னும் தெண்டிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடையைத் தூக்குவாள். தினமும் இது நடந்தது. நான் பக்கத்தில் நின்று, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பட்டினப்பாக்கம் வந்துவிடுவேன்.

அத்தை கரைக்குப் போவதை நிறுத்திய பதினோராம் நாள் என்று ஞாபகம். முதல் முறையாக வாடை வீசியது. பாலத்தின்மேல் அவள் முந்தானை தெற்கே பறந்தது. நுரை நீளமாக ஒரு வாலைப் போல எங்கள் குப்பத்துப் பக்கம் திரும்பியிருந்தது. அதில் பச்சைப் பச்சையாக ஆகாயத்தாமரை மிதந்து போனது. அத்தை ரொம்ப நேரம் நின்றாள்.

"வன்னி வந்துட்ச்சி" என்றாள்.

"நைனாகிட்ட ஓடிப்போயி சொல்லட்டா அத்தே?"

"வாணாம். அவங்களே பாத்துக்கட்டும்."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். குரலில் ஒன்றும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரைப் பார்க்க நடந்தாள். குப்பத்தில் அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

பொங்கலுக்குள் அவள் பட்டினப்பாக்கத்தில், தன்னோடு மீன் விற்கிற ஒரு பெண்ணோடு போய்த் தங்கிவிட்டாள். சந்தைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னாள். அம்மாகூட, "இருக்கச் சொல்லலாம்ல" என்று நைனாவிடம் கேட்டாள். அவர் கேட்கவில்லை. அவருக்குத் தங்கைமேல் பாசம் இல்லாமல் இல்லை, ஊருக்கு முன்னால் நின்று அதைச் சொல்லத் தெரியாது. நானும் அவர் பெண்தானே.

என் கல்யாணத்துக்கு அத்தை வந்திருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். "அத்தே, அந்த வருசம் ஆகாயத்தாமர வந்துச்சே" என்று ஆரம்பித்தேன். அவள் சீப்பை நிறுத்தாமல், "கண்ணாலத்தன்னிக்கி இன்னா பழைய கத. தலய நேரா வெய்யி" என்றாள். நான் தலையை நேராக வைத்தேன். அவள் போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அந்த டி.வி. நிகழ்ச்சி பார்த்து நாலைந்து நாள் இருக்கும், வைகாசி மாதம், தம்பி மகன் போன் செய்தான். கருவாட்டுக்கு வாயை மூடிக்கொண்ட அதே தம்பியின் மகன். இவனும் கடலுக்குத்தான் போகிறான். ஃபைபர் படகு, எஞ்சின், போனில் காற்று பார்க்கிற வசதி எல்லாம் உண்டு.

"அத்தே, எம் பொண்டாட்டி நண்டு கொழம்பு வெச்சிகினு கீறா. வர்றியா?"

"வர்றேன் கண்ணு. கடலு எப்டி கீது?"

"அதக் கேக்காத. கோடைல கொட்டுச்சே மழ, அதுல கரையெல்லாம் ஆகாயத்தாமர. வைகாசில எங்கியாச்சும் இது வருமா? நேத்து வன்னி, இன்னிக்கி தெண்டி, நாளிக்கி இன்னான்னு கடலுக்கே தெரியல. எந்த வலைய ஏத்துறதுன்னு அவனவன் முழிச்சிக்கினு கீறான். போன்ல காத்து தெரியுது, மீனு தெரியலயே."

"போன வருசமும் இப்டித்தான சொன்ன?"

"போன வருசம், அதுக்கு முன்ன வருசம், எல்லா வருசமுந்தான். இன்னாவோ எவனோ வேணும்னே வாரிக்கினு வந்து கரைல கொட்டிட்டுப் போன மாரி கீது அத்தே."

போனை வைத்துவிட்டுப் பஸ் பிடித்துப் போனேன்.

வெயில் சாய்ந்திருந்தது. குப்பத்தில் குடிசைகளுக்குப் பதில் மாடி வீடுகள். ஆனால் கரை அதே கரை, முன்னைவிடக் குறுகலாக. படகுகளுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக ஆகாயத்தாமரை குவிந்து கிடந்தது. தம்பி மகன் படகில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தான். சாயந்திரமே கடலுக்கு இறங்குகிறார்கள் இப்போது. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது, நெற்றியில் பொட்டில்லை. பழைய நினைப்பில் நான் ஒதுங்கி நின்றேன். அவன் சத்தமாகக் கூப்பிட்டான். "அங்க இன்னா பண்ற, முன்னால வா அத்தே. வந்து பாரு, எங்களுக்கு ஒண்ணியும் புரில."

அலை விளிம்புக்குப் போய்க் குனிந்து ஒன்றை எடுத்தேன். அந்த வயதுக்குப் பிறகு ஆகாயத்தாமரையை நான் கையால் தொட்டதே இல்லை. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலக் கருகியிருந்தது, கடல் தண்ணீரின் உப்பு அப்படிச் செய்கிறது. வேரில் ஒரு துளி சேறில்லை. அலை அலசி அலசி, மணல்தான் ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். உப்பு வாசனை.

நான் அன்றைக்குப் பறியில் சுமந்து வந்து போட்டது பச்சைப் பசேலென்று இருந்தது. வேர் முழுக்கக் கறுப்புச் சேறு. ஆற்றங்கரைச் சாக்கடை நாற்றம் என் கையைவிட்டு இரண்டு நாள் போகவில்லை.

என் அத்தைக்கு மூக்கு இருந்தது. அதை எடுத்து முகர்ந்த அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகுதான் என்னைப் பார்த்திருக்கிறாள், என் பாவாடையில் அதே சேறு. பக்கத்தில் நைனா. இல்லை, இது யாரோ கொண்டுவந்து போட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி யார் என்பதுதான். அடி விழுந்திருக்கும், அதோடு ஊர் முழுக்க என்னைக் காறித் துப்பியிருக்கும். அவள் கடலைப் பார்த்து யோசித்தது அதைத்தான். ஊரை ஏமாற்றிய கெட்டிக்காரி என்று நான் என்னை எண்ணிக்கொண்டிருந்தேன், ஏமாந்தவள் என்று அவளை எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் தப்பாக நினைத்திருக்கிறேன்.

"இன்னாத்தே, கண்ணுல மண்ணு வுழுந்துட்ச்சா?" என்றான் தம்பி மகன்.

அவனிடம் சொன்னேன். கரையில் நின்றபடியே, பறியைப் புதைத்தது வரை, ஒன்று விடாமல். அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டான். நான் முடித்ததும் படகின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"பட்டினப்பாக்கத்துல இருந்தாங்கன்னு அப்பா சொல்லுவாரே, அவங்களா?"

"அவங்கதான்."

"அப்ப அவங்களுக்குக் கண்ணு தப்பல."

"தப்பல கண்ணு."

இதை நான் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கயிற்றை மறுபடி எடுத்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மற்ற படகுகள் இறங்க ஆரம்பித்துவிட்டன.

"செரி, இப்ப சொல்லு. எந்த வலைய ஏத்தட்டும்?"

காலை அலையில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வடக்கே ஒருமுறை இழுத்தது, அடுத்த அலை தெற்கே தள்ளியது.

"தெரில கண்ணு" என்றேன்.

"செரி வுடு, ரெண்டயும் ஏத்திக்கிறேன்" என்றான்.

அத்தை ஒருநாளும் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை. தெரியாது என்றால் மறுநாளே அவளை உள்ளே அனுப்பியிருப்பார்கள். நான் சொன்னேன், யாரும் என்னைக் கரையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவன் படகு அலையைத் தாண்டிப் போகிறவரை அங்கேயே நின்றேன். புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. ஈரத்தோடு நிற்காதே, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.